பெயர் இரண்டு முறை அழைக்கப்பட்டது

பிப்ரவரி 14

மாண்புமிகு மேலவை உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டு நாட்களில் இருபத்து மூன்று முறை உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நேற்று நூலகத்துக்குப் போய், மேலவை மாதாமாதம் அச்சிட்டு அனுப்பும் ‘உறுப்பினர் செயல்பாட்டுப் பதிவு’ என்ற புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உங்களுக்கென்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. பதவியேற்ற நாள் முதல் வருகை, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கேட்ட கேள்விகள் அறுபத்தொன்று. ஆற்றிய உரைகள் இருபத்திரண்டு. பொதுமக்களிடமிருந்து வந்த கடிதங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. பதில் அனுப்பியவையும் முந்நூற்றுப் பன்னிரண்டு.

கூடப்பிறந்தவளின் போனை எடுக்காதவர், கடிதம் எழுதினால் கட்டாயம் பதில் போடுகிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். எனவே இது முந்நூற்றுப் பதின்மூன்றாவது கடிதம்.

அதே பக்கத்தின் அடியில் வாக்களிப்பு விவரம் இருக்கிறது. பிப்ரவரி 2, தொழில்நோய்ச் சட்டத் திருத்தம், பிரிவு ஏழு. ஆம் என்றவர்கள் 38. இல்லை என்றவர்கள் 38. சரிசமம் ஆனதால் பிரிவு வீழ்ந்தது. உங்கள் பெயருக்கு எதிரே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: ‘வருகை உண்டு. பெயர் இரண்டு முறை அழைக்கப்பட்டது. பதில் இல்லை.’

பிரிவு ஏழு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பொதுமக்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன். என் கணவர் கூரை ஷீட் ஆலையில், ஷீட்டை அறுக்கும் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது அவர் நுரையீரலில் பாதி கல்லாகிவிட்டது என்கிறார்கள். வேலையை விட்டு ஐந்து வருடத்துக்குள் நோய் வந்தால்தான் அது ஆலையால் வந்த நோய் என்கிறது இப்போதைய சட்டம். பிரிவு ஏழு அந்த ஐந்து வருடக் கெடுவை எடுத்துவிடும். எடுத்திருந்தால், ஆலை மருத்துவர் அவருடைய அட்டையில் ‘காரணம்: புகைப்பழக்கம்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘தூசி’ என்று எழுதியாக வேண்டும். என் கணவர் ஒரு சிகரெட்டைக் கூட விரலால் தொட்டதில்லை. உங்களுக்குத் தெரியும்.

முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். ஒரு சந்தேகம் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டு, பெயர் கூப்பிடும் நேரத்தில் மட்டும் வராந்தாவில் போய் நின்றுகொள்ளும் பிள்ளைக்கு நீங்கள் என்ன குறி போடுவீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்,
வாக்காளர் ஒருவர்


பிப்ரவரி 20

அன்புடையீர்,

தங்கள் 14.2 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் தெரிவித்துள்ள கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன. பொதுநலனில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.

(உறுப்பினருக்காக, உதவியாளர்)


பிப்ரவரி 24

ஓரம்,

இனி மாண்புமிகு எல்லாம் கிடையாது. வீட்டில் எடுத்த எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் கடைசி ஆளாக, பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போகிற மாதிரி நிற்பாய் என்று அப்பா வைத்த பெயர் அது. மேலவைக்குப் போயும் அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டாய்.

அந்த நாளில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் உதவியாளர் இதையும் கவனத்தில் கொள்ளட்டும்.

உன் அத்தான் காலையிலேயே எழுந்து, சவரம் செய்துவிடு என்றார். ஆலையில் கடைசி நாள் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கச் சொன்னார். அந்தச் சட்டைக்குள் இப்போது இரண்டு பேர் நுழையலாம். கழுத்துப் பொத்தானைப் போட்டால் ஆக்சிஜன் குழாய் இடிக்கிறது. போடாவிட்டால் அவருக்குப் பிடிக்கவில்லை.

“டிவி முன்னாடிதானே உக்காரப் போறீங்க? இதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?” என்றேன்.

“அவன் என்னைப் பாக்க மாட்டான், சரி. நான் அவனைப் பாக்கறேன்ல?” என்றார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வந்து உட்கார்ந்தார். அவரும் அதே ஆலையில் இருந்தவர்தான். இரண்டு வருடத்தில் தப்பித்து ஓடிவந்து ஊசியைப் பிடித்தார். ஆலை வாசலில் நின்று இந்தப் பிரிவுக்காக ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து வாங்கியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அந்தத் தாள் கட்டை உன் கையில்தான் கொடுத்தார்கள். நீதான் வாங்கிக்கொண்டு, “நான் இருக்கேன் அத்தான்” என்றாய்.

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து ஆம், இல்லை என்றார்கள். தையல்காரர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். உன் பெயர் வந்தது. கேமரா உன் நாற்காலியைக் காட்டியது. காலி. மேசையில் நான் வாங்கிக் கொடுத்த பச்சை நிறக் கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது.

“பாத்ரூம் போயிருப்பான்,” என்றார் உன் அத்தான். “இப்ப வந்துருவான் பாரு.”

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். உனக்குப் பதில் அவரே எழுந்து சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

முடிவு வந்ததும் தையல்காரர் எழுந்து போனார். உன் அத்தான் சட்டைப் பொத்தான்களைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். “மடிச்சு வெச்சுடு,” என்றார். “அழுக்காகலை.”

அதற்குப் பிறகு அவர் உன் பெயரை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

இதை நானே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். நீ எத்தனை இரட்டை வரி நோட்டு வாங்கிக் கொடுத்தும் திருந்தாத கையெழுத்து. அந்த அச்சடித்த பதில் எனக்குத் தெரியாமல் போனது. அந்த உதவியாளர் புதியவர். வாக்காளர் ஒருவர் என்று நீ போட்டதை அவர் அப்படியே நம்பிவிட்டார்.

போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் கையில்தான் வைத்திருந்தேன்.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. ஒரு கட்சி உறுப்பினர் நோயிலோ சாவு வீட்டிலோ மாட்டிக்கொண்டு வர முடியாமல் போனால், எதிர்க்கட்சியில் ஒருவரிடம் ‘ஜோடி’ கேட்பார். அவர் ஒத்துக்கொண்டால், அன்று முழுவதும் அவரும் எதற்கும் வாக்களிக்கக் கூடாது. இந்தப் பக்கம் ஒன்று குறைந்தால் அந்தப் பக்கமும் ஒன்று குறையும். எழுத்து, கையெழுத்து எதுவும் இல்லை. வாய்ச்சொல்தான். நான் போன இந்த ஐந்து வருடத்தில் அதை மீறியவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

எதிர்வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஜனவரி 29 அன்று போன் செய்தார். “தம்பி, ரெண்டாம் தேதி எனக்கு வயித்துல ஆபரேஷன். அன்னிக்கு எனக்கு ஜோடி இருக்கியா?” என்றார். அன்றைய பட்டியலில் துறைமுக மசோதா ஒன்றுதான் இருந்தது. சரி என்றேன். முதல் தேதி சாயங்காலம் பட்டியலை மாற்றினார்கள். பிரிவு ஏழு பதினைந்தாம் தேதிக்கு இருந்தது. அதைத் தூக்கி இரண்டாம் தேதியில் போட்டார்கள். யாருக்கு ஆள் குறைகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

என் வாக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் முதல் நாள் ராத்திரியே தூக்க மருந்தில், மறுநாள் மயக்கத்தில் கிடந்தார். எங்கள் கட்சித் தலைவர், “உள்ள போறதும் போகாததும் உன் இஷ்டம். போனேன்னா, நாளைக்கு நமக்கு ஒரு சாவு விழுந்தா எவனும் ஜோடிக்கு வரமாட்டான்” என்றார்.

வாக்கெடுப்புக்கு முன்னால் எட்டு நிமிடம் மணி அடிக்கும். நான் வெளியே வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன். மணி நின்றதும் கதவைச் சாத்தினார்கள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டது வராந்தாவிலும் கேட்டது. இரண்டு முறையும் கேட்டது.

வராந்தாவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன குறி போடுவாய் என்று கேட்டாய். எழுதும்போதே உனக்குத் தெரிந்துதான் எழுதினாயோ என்று இருந்தது.

அத்தானிடம் இதைச் சொல்லுவாயா?

தம்பி


மார்ச் 10

தம்பி,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருக்கு இப்ப எப்படி இருக்காம்?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் தையல்காரர் வந்தபோது, “எம் மச்சான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டான்யா” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்டேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு உன்னை மச்சான் என்று சொன்னார்.

எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பள்ளியில் தையல் ஆசிரியை ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு முடியாமல் போனபோது, “என் கிளாஸை விட்டு ஒரு நிமிஷமும் எழுந்திருக்காதீங்க டீச்சர், எல்லார் கையிலயும் கத்தரிக்கோல் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன். அரை மணி நேரத்தில் என் சொந்த வகுப்புப் பெண் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது. நாற்பது கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் அந்த வகுப்புப் பெண்ணின் அம்மா வந்து என்னை என்ன கேட்டாளோ, அதைத்தான் நான் உன்னைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கணக்குப் போட்டு முடித்ததும் விடையிலிருந்து திரும்பிப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். இரண்டு பக்கமும் ஒன்று குறைந்தது என்கிறாய். அப்படியானால் அந்தப் பெரியவர் ‘இல்லை’ என்று சொல்பவராக இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்குச் சரி. அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று உனக்கு யார் சொன்னது?

கேட்டு எழுது. என் மனம் ஆறுவதற்காகத்தான்.

அவருக்கு இந்த வாரம் பேச்சு குறைந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நீ கேட்காமல் இருந்திருக்கலாம். நான் போகாமலும் இருந்திருக்கலாம். போய்விட்டு வந்ததைச் சொல்லாமல் விடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் அது மூன்றாவது முறையும் பதில் சொல்லாமல் இருந்ததாகிவிடும்.

பெரியவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சன்னல் ஓரமாகக் கட்டில் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்.

“வா வா ஜோடி! எம் பொண்டாட்டிக்குக்கூட இத்தனை வருஷத்துல இப்படி ஒரு உண்மையான ஜோடி கெடைக்கலை” என்று சிரித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “எனக்கு எங்கே கெடைச்சுது?” என்றார்.

பிறகு அவரே, “பிரிவு ஏழு அன்னிக்கே வந்துச்சாமே, விழுந்துச்சாமே?” என்றார்.

“ஆமாங்க. நீங்க இருந்திருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. நான் ஆம்னு சொல்லியிருப்பேன். கணக்கு ஒண்ணுதான்” என்றேன்.

“யார் சொன்னா?” என்றார்.

அவர் தலையணையை விட்டு நிமிர்ந்தார்.

“எங்கப்பா கல் ஒடைக்கிற எடத்துல வேலை பாத்தவர். நாப்பத்தொம்பது வயசுல இருமி இருமியே போனார். எங்க கட்சி என்ன வேணா சொல்லட்டும், நான் ஆம்னுதான் சொல்லியிருப்பேன். ஜோடி கேக்கும்போது அந்தப் பிரிவு பட்டியல்லயே இல்லையேப்பா. பட்டியல் மாறினதும் நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“நீங்க மயக்கத்துல இருந்தீங்க.”

“எம் பொண்டாட்டி போனை மடியில வெச்சுக்கிட்டு வெளியிலதானே உக்காந்திருந்தா. அவளுக்குத் தெரியாதா எங்கப்பா எப்படிச் செத்தார்னு?”

ஜோடி சேர்ந்தவரிடம் ‘நீங்கள் எப்படி வாக்களிப்பீர்கள்’ என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை, அக்கா. கேட்டால் சந்தேகப்படுவதுபோல ஆகும். எதிர்வரிசை என்றால் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் நான் எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அறுபத்தொரு கேள்வி கேட்டிருக்கிறேன் என்று பதிவில் போட்டிருக்கிறதே, அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

ஒரே ஒரு போன். அவர் மனைவி எடுத்திருப்பார்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் தெரிவித்துள்ள கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன.

வாக்காளர் ஒருவர்


ஏப்ரல் 21

அக்கா,

உன் இரண்டு வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் அவைக்குப் போய்வந்தேன்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஓர் உறுப்பினருக்குத் தன் நடத்தையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால், அவைத் தலைவரிடம் அனுமதி வாங்கி மூன்று நிமிடம் பேசலாம். தன்னிலை விளக்கம் என்று பெயர். யாரும் குறுக்கே பேசக் கூடாது. பெரும்பாலும் பத்திரிகையில் தன்னைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் அதைப் பயன்படுத்துவார்கள். அப்போது பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

நான் எழுந்தேன். பிப்ரவரி 2 அன்று வராந்தாவில் நின்றதைச் சொன்னேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்ததைச் சொன்னேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரியவர் அன்று வந்திருந்தார், அவர் தலையாட்டினார். பிறகு அத்தானைப் பற்றிச் சொன்னேன். ஆலையின் பெயர், அறுக்கும் பிரிவு, இருபத்தேழு வருடம், டோக்கன் எண் 417. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எழுதிய மருத்துவர் யார், அது ஏன் பொய் என்று சொன்னேன். யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

உட்கார்ந்ததும், அவையில் வந்து பதில் சொல்ல முடியாத வெளியாளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்று ஒருவர் எழுந்து விதியைப் படித்தார். அது விதிதான். எனக்கும் தெரியும். தலைவர் அந்தப் பகுதியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்கியதை வேறு எங்கும் அச்சிடவும் கூடாது.

அச்சான பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கம் 118. நான் பேசியது அப்படியே இருக்கிறது, அத்தான் வருகிற இடத்தைத் தவிர. அங்கே மூன்று வரிக்கு நட்சத்திரங்கள். அதன் கீழே ‘தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது’. அதற்கும் கீழே நான் ‘நன்றி’ என்று சொன்னது இருக்கிறது. அதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

இதை அவரிடம் காட்ட வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

பெரியவர் விஷயத்தை நான் அவரிடம் மறைத்து வைத்திருந்தேன். பக்கம் 118-ஐ வாசித்தால் அதுவும் வெளியே வரும். இரண்டு நாள் அதை மடிப்பதும் பிரித்துப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் வாசித்தேன்.

கேட்டிருக்கலாமே என்று பெரியவர் சொன்ன இடம் வந்ததும் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. “கழுதை,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “கேட்டிருக்கலாம்ல” என்றார். அதில் கோபம் இல்லை, தம்பி. கோபப்படுவதற்கு மூச்சு வேண்டும்.

நட்சத்திரம் வந்த இடத்தில் நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்ட?”

“அழிச்சிருக்காங்க.”

“என்ன இருந்துச்சு?”

“உங்களைப் பத்தி.”

“எத்தனை வரி?”

“மூணு.”

கையை நீட்டிப் பக்கத்தை வாங்கினார். நட்சத்திரங்களின் மேல் விரலை வைத்துக் கோடு கோடாகத் தடவினார். அறுக்கிற மிஷினில் ஷீட் நேராக வந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாராம், தையல்காரர் சொன்னார். “எடம் போதும்,” என்றார். பிறகு, “பேனா எடு” என்றார்.

பேனாவைக் கையில் வைத்து, பலகையை மடியில் வைத்தேன். நான் எழுதுகிறேன் என்று சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டார். நட்சத்திரங்களின் மேலேயே எழுதினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பேனாவைக் கீழே வைத்துக்கொண்டார். மூன்று வரி எழுத முக்கால் மணி நேரம்.

நான் புகை பிடித்ததில்லை.
இது ஷீட் தூசி.
417.

பெயரை எழுதவில்லை. ஆலையில் எதற்கும் எண்ணைத்தான் எழுதுவார்களாம்.

“காயட்டும்,” என்றார். “காஞ்சதும் ஓரத்துக்கிட்ட குடு.”

உன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் பக்கத்தை இதனுடன் வைக்கவில்லை.

அக்கா


மே 12

அக்கா,

தையல்காரர் போன் செய்து சொன்னார். அடுத்த ரயிலைப் பிடித்து வந்தேன். நீ என்னைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

வாசல் கேட்டுக்கு வெளியே, தையல்காரரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஆலைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். அத்தானுக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாய்; கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தாய். குழாய் இல்லாததால் அது சரியாக நின்றது. அவரைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

செப்டம்பர் கூட்டத்தொடருக்குப் பிரிவு ஏழு மறுபடியும் பட்டியலில் வந்திருக்கிறது. பெரியவரிடம் போய், “நீங்க எப்படி?” என்று நேராகக் கேட்டேன். “ஆம்” என்றார். இன்னும் ஒன்பது பேரிடம் கேட்டேன். நான்கு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர், “இதெல்லாம் கேக்கற வழக்கமில்லையே” என்றார். எனக்கும் தெரியும் என்றேன்.

நிறைவேறினாலும் அத்தானுக்கு இல்லை. அன்று உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். எழுதும்போதே வாய் கசக்கிறது. இருந்தாலும் நீ வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்ளக் கூடாது.

தம்பி


மே 20

தம்பி,

இறப்புச் சான்றிதழ் வந்தது. காரணம் என்ற இடத்தில் அட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். மாற்ற முடியுமா என்று பதிவு அலுவலகச் சன்னலில் கேட்டேன். “மருத்துவர் எழுதினதுதாம்மா. நாங்க சொந்தமா எதுவும் எழுத முடியாது” என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எதிரில் இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இப்போது மேசையில் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்றில் முத்திரை இருக்கிறது. இன்னொன்றில் நட்சத்திரங்களின் மேல் அவர் கையெழுத்து இருக்கிறது. முத்திரை உள்ளதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்றைக்கு நீ கேட்டில் நின்றதைப் பார்த்தேன். உன் பச்சைக் கண்ணாடிக் கூடு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. தையல்காரர் என் காதில், “தம்பி வந்திருக்காரு டீச்சர், கூப்பிடட்டுமா?” என்றார். எனக்குக் கேட்டது. இரண்டாவது முறையும் கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அதனால் இனிமேல் வராந்தாவில் நின்றதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்பதற்கில்லை.

தாள் காய்ந்துவிட்டது. அதை உன்னிடம் கொடுக்கச் சொன்னார் அவர். தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. செப்டம்பரில் நீ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டும். அதற்கு நீ இங்கே வந்து என் கையிலிருந்து வாங்கிப் போக வேண்டும்.

சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். கேட்டில் நிற்காதே. வீட்டுக்குள்ளிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஓரம் என்று இல்லை, பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் முழுப் பெயரை. இரண்டாவது முறை கூப்பிட வைக்காதே.

அக்கா